பெற்றோரை இழந்த பிள்ளைகள், பெற்றோரோடு இருக்கும் பிள்ளைகள்: எச்.ஐ.வி. ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

தென்மாவட்ட ஆற்றுநர்

எல்லாருக்கும் வணக்கம். நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. சோதனையும் ஆற்றுப்படுத்தலும் நடக்கும் இடம்), ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கும் இடம்), குழந்தைகள் இல்லம், அரசு மருத்துவமனை என்று பல இடங்களில் வேலை பார்க்கிறவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

பிறக்கும்போதோ தாய்ப்பால் வழியாகவோ தொற்று வந்த பிள்ளைகள் 9 வயதில், 12 வயதில், சிலசமயம் பத்தாம் வகுப்பு படிக்கும்போது முதல்முறையாகத் தெரியவருவது இன்னும் நின்றபாடில்லை. வரும்போதே எடை குறைந்து, காசநோயோ தீராத வயிற்றுப்போக்கோ பிடித்து, எதிர்ப்புச்சக்தி அணுக்களின் எண்ணிக்கையான சிடி4 இரண்டு இலக்கத்தில் இருக்கிறது. "பெற்றோரை இழந்த பிள்ளை, கவனிக்க ஆளில்லை, அதான் தாமதம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் இதே நிலையில்தான் வந்து சேருகிறார்கள். இரண்டு பக்கமும் எந்த இடத்தில் நழுவுகிறது, எங்கே பிடிக்கலாம், தெரிந்த பிறகு முதல் மாதம் என்ன செய்வது என்று விவரமாக எழுதுங்கள். புதிதாக வேலையில் சேருகிறவர்களுக்கும் உதவும்.

குழந்தைநல மருத்துவர்

நல்ல கேள்வி. நோயின் போக்கைத் தெரிந்துகொண்டால்தான் தாமதம் என்பது என்னவென்று புரியும்.

மருந்தே கொடுக்காவிட்டால், தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பிறந்தநாளுக்குள் இறந்துவிடுகிறது. இரண்டு வயதுக்குள் பாதி. ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த கணக்கு இது. அந்தக் குழந்தைகளுக்கு நிமோனியா, பேதி, ஊட்டக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவார்கள். நாம் பேசும் தாமதப் பட்டியலில் அவர்கள் வருவதே இல்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008-ல் வெளியான செர் ஆய்வில், நோய் முற்றட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த 12 வாரத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளிடையே இறப்பு 76 சதவீதம் குறைந்தது. ஆறாவது வாரத்தில் எடுக்க வேண்டிய சோதனையை ஆறாவது மாதத்துக்குத் தள்ளுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

மற்றவர்களில் பலர் மெதுவாக நோய்வாய்ப்படுகிறவர்கள். தொற்றோடு பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் இந்த வகை, மருந்து இல்லாமலேயே பாதிப் பேர் 16 வயதுவரைகூட உயிரோடு இருக்கலாம் என்று ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியை வைத்துச் செய்த மதிப்பீடு சொல்கிறது. "எச்.ஐ.வி.யோடு பிறந்தால் பத்து வயது தாண்டாது, இவனுக்கு 11 ஆகிறது, அதனால் இருக்காது" என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. பெரிய பிள்ளைகளைச் சோதிக்காமல் விட்டதற்கு அது முக்கியக் காரணம்.

ஆனால் இவர்கள் நலமாக இருந்தவர்கள் அல்ல. வகுப்பிலேயே குள்ளமாக முதல் வரிசையில் நிற்பார்கள். 14 வயதிலும் பூப்பு அறிகுறி இருக்காது. காதில் சீழ் வடிவது மூன்று நான்கு வருடமாக நடக்கும். நெற்றியிலும் புறங்கையிலும் தோல் நிறத்திலேயே, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, தட்டையான மருக்கள் பரவியிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். இரண்டு காதுகளுக்கும் கீழே பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி வலியில்லாமல் வீங்கி முகமே சதுரமாகத் தெரியும். புட்டாலம்மை என்றால் வலியோடு வந்து பத்து நாளில் போய்விடும், இது மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். சின்ன வயதில் அக்கி வந்து போன தழும்பு விலா ஓரமாகப் பட்டையாக இருக்கும். கை கால்களில் அரிப்போடு கரும்புள்ளிகள் இருக்கும், கொசுக்கடி என்றே நினைப்பார்கள்.

அதிகம் ஏமாற்றுவது நுரையீரல். நாள்பட்ட இருமல், ஓடினால் மூச்சு வாங்குவது, விரல் நுனி உருண்டு போவது. இதைக் காசநோய் என்று ஒருமுறை, ஆஸ்துமா என்று இன்னொருமுறை மருந்து கொடுத்துக்கொண்டே போவார்கள். காசநோய் மருந்து இரண்டாம் முறை தொடங்கும் எந்தப் பிள்ளைக்கும் எச்.ஐ.வி. சோதனை முடிவு கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் முறையே பார்த்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இல்லப் பணியாளர்

டாக்டர், விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் சிக்கல் தனிதான் என்பது என் கருத்து. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசினால் அது மறைந்துவிடும்.

தாய் இறந்ததும் பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போகிறது. மகள் எதனால் இறந்தாள் என்று பாட்டிக்குச் சொல்லப்பட்டது "டி.பி." அல்லது "மஞ்சள் காமாலை". தாயின் சிகிச்சைப் புத்தகத்தைப் பெரும்பாலும் கருமாதி முடிந்த கையோடு எரித்துவிடுவார்கள். பாட்டியிடமிருந்து சித்தி வீடு, அங்கிருந்து விடுதி. ஒவ்வோர் இடமாற்றத்திலும் பள்ளி மாறும், அங்கன்வாடிப் பதிவு மாறும், கிராம சுகாதார செவிலியர் மாறுவார். தாய்க்குத் தொற்று இருந்தது என்ற ஒரே தகவல் வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

இன்னொரு வகையை யாரும் கவனிப்பதில்லை. தாய் இறந்து தந்தை மறுமணம் செய்திருப்பார். புது மனைவி கர்ப்பமாகிச் சோதனை செய்தால் நெகட்டிவ். அந்த வீடே நெகட்டிவ் என்று ஆகிவிடும். காய்ச்சலோடு வரும் மூத்த பிள்ளையின் நோட்டில் "அம்மா: நெகட்டிவ்" என்று எழுதுவார்கள். கூட வந்தவர் பெற்ற தாயா என்று யாரும் கேட்பதில்லை. தந்தைக்குத் தொற்று இருந்து அவர் மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், புது மனைவி நெகட்டிவாக இருப்பதில் வியப்பும் இல்லை. மூத்த பிள்ளைக்கு அது எந்த வகையிலும் ஆதாரமாகாது.

ஏ.ஆர்.டி. மைய ஆற்றுநர்

இல்லப் பணியாளர் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனாலும் என் பார்வை கொஞ்சம் வேறு. தாய் இறந்த பிள்ளை என்றால் யாராவது ஒருவர், தொற்றோடு வாழ்வோர் கூட்டமைப்புத் தோழரோ ஆசிரியரோ, "இந்தப் பிள்ளையையும் ஒருமுறை பார்த்துவிடலாமே" என்று கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. தாய் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வியே எழாது. மருந்து நன்றாக வேலை செய்வதால் தாய்மார்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். அது பெரிய நன்மை. ஆனால் மூத்த பிள்ளையைச் சோதிக்க வேண்டும் என்ற அவசரம் அதனாலேயே யாருக்கும் வருவதில்லை.

எங்கள் மையங்களில் ஒவ்வொருவருக்கும் வெள்ளை அட்டை இருக்கிறது. அதில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவர்களின் வயது, எச்.ஐ.வி. நிலை என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் மூன்று விதமாகத்தான் கிடக்கும்: காலியாக, அல்லது "2 குழந்தைகள்" என்று மட்டும், அல்லது கடைசிக் குழந்தைக்கு மட்டும் விவரத்தோடு. கடைசிக் குழந்தை பிறந்தபோது தாய்க்குத் தெரிந்துவிட்டது, மருந்து கொடுத்தார்கள், 18 மாதம் தொடர்ந்து பார்த்து நெகட்டிவ் என்று முடித்தார்கள். அதற்கு முன் பிறந்த மூத்தது? "அவன் நல்லா இருக்கான் மேடம், இதுவரைக்கும் ஊசி போட்டதுகூட இல்லை." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தியாவில் 2014-க்கு முன்பு பெரும்பாலான இடங்களில் பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரே ஒரு வேளை நெவிரபின் என்ற மருந்து, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கும் ஒரே ஒரு வேளை. அவ்வளவுதான் தடுப்பு மருந்து. தாய்க்கு வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து என்பது நாடு முழுக்க 2014-ல்தான் வந்தது, தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களில் அதற்குச் சற்று முன்பு. ஆகவே அதற்கு முன் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது மேல்நிலை வகுப்பிலும் கல்லூரி வாசலிலும் இருக்கிறார்கள். அந்த ஒரு வேளை மருந்து வாங்கியதாலேயே "அப்பவே மருந்து கொடுத்தாச்சு" என்று நம்பிச் சோதிக்காமல் விட்டவர்களும் அவர்களுக்குள் உண்டு.

அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது ஒவ்வொரு அட்டையிலும் இதைச் செய்யலாம். பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு, பிறந்த தேதி, சோதனை செய்த தேதி, எந்த மையம், முடிவு என்று நான்கு விவரமும் எழுத வேண்டும். "பார்த்தாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. சீட்டைப் பார்க்காத வரைக்கும் "தெரியாது" என்றே எழுத வேண்டும். இறந்த பிள்ளைகளையும் கேட்க வேண்டும். ஒரு வயதுக்குள் காய்ச்சலிலோ பேதியிலோ ஒரு குழந்தை தவறியிருந்தால், மற்ற பிள்ளைகளைச் சோதிக்க அதுவே இன்னொரு காரணம்.

கிராம சுகாதார செவிலியர்

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் சோதித்தபோது தாய் நெகட்டிவ். பதிவிலும் நெகட்டிவ் என்றே இருக்கிறது. அதன்பிறகு ஏழாம் மாதத்திலோ, பால் கொடுக்கும்போதோ கணவர் மூலம் தொற்றுகிறது. புதிதாகத் தொற்றும்போது இரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும் என்பதால், அந்த நேரத்தில் பால் குடிக்கும் குழந்தைக்குப் போகும் ஆபத்தும் மிக அதிகம். தாய்க்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து போயிருக்கும், அவ்வளவுதான். பெற்றோர் இருவரும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் தாமதமாகத் தெரியவருவதில் இது பெரிய பங்கு.

கணவர் வெளியூரில் வேலை, லாரி ஓட்டுகிறார், கணவருக்கே தொற்று இருக்கிறது, தாய்க்குப் பால்வினை நோய் அறிகுறி இருக்கிறது என்றால் முதல் நெகட்டிவோடு விடக்கூடாது. பிரசவத்துக்கு முன் ஒருமுறை, பால் கொடுக்கும் காலத்தில் தடுப்பூசிக்கு வரும்போது ஒருமுறை. கணவரையும் சோதனைக்கு வரவழைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தெற்கு ஆப்பிரிக்கா பணி

ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா பக்கம் இந்தக் கேள்வியை நேரடியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில், திடீர் உடல்நலக் குறைவால் மருத்துவமனையில் சேர்ந்த 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் 46 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பெரும்பாலும் தாயிடமிருந்து வந்த தொற்று. தொற்று இருந்தவர்களிடையே வளர்ச்சிக் குறைவும் பூப்புத் தாமதமும் தாயை இழந்திருப்பதும் அதிகம். தாயின் இறப்புதான் இங்கே வலுவான அடையாளம். தந்தை மட்டும் இறந்திருந்தால் அது விபத்தாகவும் இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம்.

அதே நகரில் உருவானதுதான் நான்கு கேள்விச் சல்லடை. ஒன்று, பிள்ளை எப்போதாவது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றதுண்டா. இரண்டு, தோல் பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறதா. மூன்று, பெற்றோரில் ஒருவரோ இருவருமோ இறந்துவிட்டார்களா. நான்கு, கடந்த மூன்று மாதத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்ததா. ஒன்றுக்காவது "ஆம்" என்றால் சோதனை. நான்கில் ஒன்றுதான் பெற்றோர் இறப்பு, மற்ற மூன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பிடிப்பதற்கு அந்த மூன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. ஹராரேயில் தொற்று பரவலாக இருந்த சூழலுக்குச் செய்த சல்லடை அது. தமிழ்நாட்டில் தொற்று விகிதம் மிகக் குறைவு. ஒரு பள்ளியையே உட்கார வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சோதிக்க வேண்டிவரும், ஒருவருக்குக்கூட இருக்காது, பயம்தான் மிஞ்சும். இங்கே அது உதவும் இடங்கள்: ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம், காசநோய்ப் பிரிவு, குழந்தைகள் வார்டு, இல்லங்களில் சேரும்போது நடக்கும் உடல் பரிசோதனை. மற்றபடி பெற்றோர் வழியாகப் பிள்ளையைத் தேடுவதுதான் நமக்குச் சரியான வழி.

அங்கே நடந்த இன்னொரு ஆய்வும் நினைவில் வைக்க வேண்டியது. ஆரம்ப சுகாதார மையங்களுக்கு வந்த பிள்ளைகளில் கணிசமான பேருக்குச் சோதனை செய்யலாமா என்றே கேட்கப்படவில்லை. பணியாளர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது "கூட வந்தவர் ஒப்புதல் தரத் தகுந்தவரா என்று தெரியவில்லை" என்பது. ஆள் பற்றாக்குறை, கிட் இல்லாதது இரண்டும் அடுத்தவை. பாட்டியோடு வரும் பிள்ளை சோதனை இல்லாமலேயே திரும்பிப் போகிறது.

குழந்தைப் பாதுகாப்பு வழக்கறிஞர்

ஒப்புதல் பற்றிப் பேச்சு வந்ததால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். கல்விக்கோ சிகிச்சைக்கோ முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்பது தடை.

பெற்றோரை இழந்த வீடுகளுக்கென்றே இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, பலருக்குத் தெரியாது. 32-ம் பிரிவு: 12 வயது நிறைந்து 18-க்குட்பட்ட, போதிய முதிர்ச்சியுள்ள, குடும்பத்தை நடத்திவருகிற மூத்த பிள்ளை, தன் தம்பி தங்கைக்குப் பாதுகாவலராகச் செயல்படலாம். பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்து இவற்றுக்கெல்லாம் அது செல்லும். 33-ம் பிரிவு: பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, தாங்கள் செயலிழந்தாலோ இறந்தாலோ யார் பாதுகாவலர் என்று உயில் எழுதி வைக்கலாம். உறவினராகவும் இருக்கலாம், நண்பராகவும் இருக்கலாம். ஏ.ஆர்.டி. மைய ஆற்றுநர்கள் இந்த இரண்டாவதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசினால், பிள்ளை பாட்டியிடம் போகும்போது மருத்துவத் தகவலும் கூடவே போகும்.

இல்லங்களில் நடக்கும் தவறு, சேரும் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டமாக ஊசி குத்திச் சோதித்து, முடிவைச் சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதுவது. சமையல்காரர் முதல் வாட்ச்மேன் வரை தெரிந்துவிடும். செய்ய வேண்டியது, தேவை இருக்கிற பிள்ளைக்கு மருத்துவர் எழுத்தில் பரிந்துரைத்து, பாதுகாவலர் இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழு வழியாக எழுத்தில் ஒப்புதல் வாங்கி, நம்பிக்கை மையத்தில் ஆற்றுப்படுத்தலோடு சோதிப்பது. முடிவு கண்காணிப்பாளருக்கும் மருந்து கொடுக்கிறவருக்கும் மட்டும்.

ஆய்வக நுட்புநர்

சோதனை பக்கம் நடக்கும் தவறுகளை எழுதுகிறேன்.

18 மாதத்துக்குள் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) தேடும் உடனடிச் சோதனையான ரேபிட் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் குழந்தைக்குத் தொற்று என்று சொல்ல முடியாது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் மிச்சமிருக்கலாம். அதனால் 6 வாரத்தில் கிருமியையே தேடும் பி.சி.ஆர். சோதனை. 6-வது மாதமும் 12-வது மாதமும் முதலில் ரேபிட், அது ரியாக்டிவ் (எதிர்ப்பொருள் இருக்கிறது) என்றால் பி.சி.ஆர். 18-வது மாதத்தில் மூன்று வெவ்வேறு ரேபிட் கிட்டால் கடைசி முடிவு. பி.சி.ஆர். பாசிட்டிவ் வந்தால் இரண்டாவது மாதிரி எடுத்து உறுதிசெய்ய வேண்டும், ஆனால் அந்த முடிவுக்காக மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது.

6 வாரத்தில் நெகட்டிவ் வந்ததும் தாய்மார்கள் நின்றுவிடுகிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் வரை ஆபத்து தொடர்கிறது. பால் நிறுத்தி 3 மாதம் கழித்து எடுக்கும் முடிவுதான் முடிவு. கார்டில் "நெகட்டிவ்" என்று மட்டும் எழுதாமல் "6 வாரம்: நெகட்டிவ், பால் தொடர்கிறது" என்று எழுதினால் அடுத்து பார்க்கிறவருக்குப் புரியும்.

பி.சி.ஆர். சோதனைக்கு உலர் இரத்தப் புள்ளி அட்டை (இரத்தத் துளிகளைக் காயவைத்து அனுப்பும் தாள்) எடுக்கும் முறை: 5 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குக் குதிகால், 5 முதல் 10 கிலோ வரை கால் பெருவிரல், அதற்கு மேல் கைவிரல். குதிகாலின் நடுவில் குத்தக்கூடாது, எலும்பு அருகில் இருக்கிறது. உள்ளோரமோ வெளியோரமோதான். முதலில் பாதத்தைத் தாயின் கையால் சூடாக்கச் சொல்லுங்கள், இரத்தம் நன்றாக வரும். ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய துளி தானாகத் திரண்டு தொங்கும்வரை பொறுத்து, அட்டையின் வட்டத்தில் ஒரே தொடுதலில் இறக்க வேண்டும். பின்பக்கமும் ஊறியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒரே வட்டத்தில் இரண்டு மூன்று தடவை சொட்டுவது, பிதுக்கி எடுப்பதால் திசுநீர் கலப்பது, இந்த இரண்டாலும்தான் மாதிரிகள் நிராகரிக்கப்படுகின்றன. ஐந்து வட்டமும் நிரம்ப வேண்டும். படுக்கை வாட்டத்தில், வெயில் படாமல், ஃபேன் நேரடியாக அடிக்காமல் குறைந்தது 4 மணி நேரம் காய வேண்டும். மழைக்காலத்தில் இரவு முழுக்க விடுங்கள். பிறகு கண்ணாடித்தாள் வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஜிப் கவரில். காயாமல் மூடினால் பூஞ்சை பிடித்து, குழந்தையைத் திரும்ப வரவழைக்க வேண்டும். தூரத்துக் கிராமத்துத் தாய் திரும்ப வரமாட்டார். ஒரு அட்டை வீணானால் பல நேரம் அந்தக் குழந்தையே தொடர்பிலிருந்து போய்விடுகிறது.

கடைசியாக, கைக்குழந்தையிலேயே மருந்து தொடங்கிய பிள்ளைக்குப் பிறகு ரேபிட் செய்தால் நெகட்டிவ் காட்டலாம். எதிர்ப்பொருள் உருவாகாமலேயே போயிருக்கும். அதைப் பார்த்து "குணமாகிவிட்டது", "முதல் முடிவு தப்பு" என்று மருந்தை நிறுத்திவிடக்கூடாது. மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு ரேபிட் செய்வதே தேவையில்லாதது.

தென்மாவட்ட ஆற்றுநர்

மிகவும் நன்றி சார், 4 மணி நேரக் கணக்கும் பின்பக்கம் பார்ப்பதும் சுவரில் ஒட்டவேண்டியவை. தாமதமாகத் தெரிந்த பிள்ளைக்கு முதல் மாதம் என்ன வரிசையில் செய்வது என்று ஏ.ஆர்.டி. மருத்துவர் யாராவது சொல்ல முடியுமா?

ஏ.ஆர்.டி. மருத்துவர்

முதல் நாள்: எடை, உயரம், மேல்கைச் சுற்றளவு, சிடி4, காசநோய் கேள்விகள். பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விகள்: இருமல், காய்ச்சல், எடை ஏறாதது, வீட்டில் காசநோயாளி. ஒன்றுக்காவது ஆம் என்றால் காசநோயைத் தேடியே ஆக வேண்டும். சளி துப்பத் தெரியாத பிள்ளைக்குக் காலையில் வெறும்வயிற்றில் இரைப்பை நீர் எடுக்கலாம். காசநோய் இல்லை என்று உறுதியானால் அது வராமல் தடுக்க ஐசோநயாசிட் 6 மாதம், கிலோவுக்கு 10 மி.கி., கூடவே வைட்டமின் பி6.

5 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் முற்றிய நோயாகவே வைத்து நடத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. 5 வயதுக்கு மேல் சிடி4 200-க்குக் கீழ், அல்லது மூன்றாம் நான்காம் நிலை நோய் இருந்தால் முற்றிய நோய். 10 வயதுக்கு மேல் சிடி4 100-க்குக் கீழ் என்றால் மூளையைத் தாக்கும் பூஞ்சையான கிரிப்டோகாக்கஸுக்கு ஆன்டிஜன் சோதனை பாருங்கள். தலைவலி இல்லையென்றாலும் பார்க்க வேண்டும்.

மற்றத் தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் அன்றைக்கே. 5 மி.லி.க்கு 200/40 மி.கி. உள்ள திரவமாக இருந்தால் தினம் ஒருவேளை: 3 முதல் 5.9 கிலோவுக்கு 2.5 மி.லி., 6 முதல் 13.9 கிலோவுக்கு 5 மி.லி., 14 முதல் 24.9 கிலோவுக்கு 10 மி.லி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் 6 வாரத்திலிருந்து, தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை இது உண்டு.

ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போடாதீர்கள், ஒரு வாரத்துக்குள் தொடங்கலாம். காசநோய் இருந்தால் காசநோய் மருந்து முதலில், இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் மட்டும் விதிவிலக்கு, குறைந்தது 4 வாரம் பொறுக்க வேண்டும். கடும் ஊட்டக்குறைவு இருந்தால் முதலில் சர்க்கரை, உப்பு, உடல்சூடு, தொற்று இவற்றை நிலைப்படுத்திவிட்டு, பிள்ளை உணவு எடுக்கத் தொடங்கியதும் மருந்து.

மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் பிள்ளைக்கு மோசமாவதுபோல் தெரியலாம். காய்ச்சல் திரும்பும், கழுத்துக் கட்டி பெரிதாகும், கைக்குழந்தைக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குளில் கட்டி வரும். எதிர்ப்புச்சக்தி விழித்துக்கொண்டு மறைந்திருந்த தொற்றோடு மோதுவதால் வருவது இது. வீட்டார் "இந்த மருந்துதான் பிள்ளையைக் கெடுத்தது" என்று நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். பெற்ற தாய் இருந்தால், தானும் அதே மருந்தைச் சாப்பிடுகிறவர் என்பதால் தாங்கிக்கொள்வார். பாட்டிக்கோ மாமாவுக்கோ அந்த அனுபவம் இல்லை. ஆகவே தொடங்கும் நாளிலேயே இதைச் சொல்லி, எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுங்கள்.

மருந்தாளுநர்

டாக்டர் எழுதியதோடு அளவையும் சேர்க்கிறேன். ஏ.ஆர்.டி.யின் முக்கிய மருந்தான டோலுடெக்ராவிர் 10 மி.கி. கரையும் மாத்திரை: 3 முதல் 5.9 கிலோவுக்கு அரை, 6 முதல் 9.9-க்கு ஒன்றரை, 10 முதல் 13.9-க்கு இரண்டு, 14 முதல் 19.9-க்கு இரண்டரை. 20 கிலோ தொட்டதும் பெரியவர்களின் 50 மி.கி. மாத்திரை ஒன்று. மி.கி.யைப் பார்த்து இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். கரையும் மாத்திரை உடலில் அதிகம் சேரும், அதில் 30 மி.கி. என்பது மற்றதில் 50 மி.கி.க்குச் சமம். கூட வரும் அபாகவிர்/லாமிவுடின் 120/60: அதே எடை வரிசையில் ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, 20 முதல் 24.9-க்கு மூன்று.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போனால் டோலுடெக்ராவிர் தினம் இருவேளை, ரிஃபாம்பிசின் முடிந்து மேலும் இரண்டு வாரம்வரை. அபாகவிர் தொடங்கிய முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, வாந்தி சேர்ந்து வந்து மருத்துவர் ஒவ்வாமை என்று நிறுத்தினால், வாழ்நாளில் திரும்பத் தொடங்கக்கூடாது. அட்டையின் முன்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பொதுவாக விடுபடுவது இரும்புச்சத்தும் கால்சியமும். தாமதமாக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரத்தசோகையோடு வருவதால் இரும்பு மருந்து போகும், பள்ளியிலும் வாரம் ஒருமுறை கொடுப்பார்கள். வெறும்வயிற்றில் சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் உடலில் சேராது. இரும்பு, கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரைக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் இரண்டையும் சாப்பாட்டோடு கொடுக்கலாம். பள்ளியில் மதியம் என்றால் ஏ.ஆர்.டி.யை இரவுக்கு மாற்றிவிடுவது எளிது.

இல்லப் பணியாளர்

பயனுள்ள தகவல் சார். ஒரே ஒரு கேள்வி. எடை ஏறும்போது அளவு மாற்றுவது எங்கள் பக்கம் நழுவுகிறது. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டு மாத மருந்து கொடுத்தனுப்புகிறோம். திரும்பி வரும்போது அடுத்த எடை வரிசைக்குப் போயிருக்கிறது. அதுவரை குறைந்த அளவுதானே போயிருக்கும்?

மருந்தாளுநர்

ஆமாம், நல்ல சாப்பாடும் மருந்தும் சேர்ந்தால் முதல் ஆறு மாதத்தில் 3, 4 கிலோ ஏறுவது சாதாரணம். 13.5 கிலோவில் அனுப்பினால் ஒரே மாதத்தில் 14 தாண்டிவிடும். வரிசையின் மேல்விளிம்புக்கு அரை கிலோவுக்குள் இருக்கிற பிள்ளைக்கு ஒரு மாத மருந்துக்கு மேல் கொடுக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால், பாட்டி ஊருக்குப் பக்கத்து இணைப்பு ஏ.ஆர்.டி. மையத்தில் எடை பார்த்து வாங்கும்படி சீட்டு எழுதி, அந்த மையத்துக்கு முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள்.

ஏ.ஆர்.டி. மைய ஆற்றுநர்

கூடவே, பாட்டி வீட்டில் அந்தப் பிள்ளையின் அண்ணனோ அக்காவோ இருந்தால் அந்தச் சீட்டிலேயே அவர்கள் பெயரையும் வயதையும் எழுதி அனுப்புங்கள் மேடம். எடை பார்க்க வரும் நாளில் அவர்களுக்கும் சோதனை செய்துவிடலாம்.